மெயில் என்கிரிப்ஷன் மென்பொருளில் பக் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி இதுதான்: "கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சி, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் ஓரளவு வரும். மெயிலை என்கிரிப்ட் செய்யும் கட்டற்ற மென்பொருள் ஏதாவது ஒன்றில் பக் சரிசெய்து பங்களிக்க ஆசை. ஆனால் கிரிப்டோகிராஃபி கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. அது இல்லாமல் உள்ளே நுழைய முடியுமா?"

தாராளமாக முடியும். கணக்கு தெரிந்தவர்கள் அங்கே ஏற்கனவே இருக்கிறார்கள், அவர்கள் எழுதிய பகுதியை நீங்களும் நானும் தொடாமல் இருப்பதே அதற்கு நல்லது. ஆள் இல்லாமல் தவிப்பது வேறு இடத்தில். மெயில் நிரல் ஒரு பக்கம், என்கிரிப்ட் செய்யும் (உரியவர் தவிர யாரும் படிக்க முடியாதபடி மெயிலை மறைக்கும்) நிரல் ஒரு பக்கம், இரண்டையும் கோர்க்கும் அந்த மூட்டு இருக்கிறதே, வலி எல்லாம் அங்கேதான். இத்தனை வருடத்தில் நான் பார்த்த, படித்த, சரிசெய்த பக்-களில் (நிரல் பிழைகளில்) முக்கால்வாசி அந்த மூட்டில் வந்தவை.

ஒரு உதாரணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எனிக்மெயில் என்று ஒரு ஆட்-ஆன் (துணை நிரல்) இருந்தது, தண்டர்பேர்ட் மெயில் நிரலுக்குள் க்னூபிஜி என்ற என்கிரிப்ட் செய்யும் நிரலைக் கொண்டுவந்து சேர்த்தது. 2001-ல் அதை முதலில் வெளியிட்டவர் ராமலிங்கம் சரவணன் (நிரல் எழுதியவர்கள் பட்டியலில் இந்தப் பெயரை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம், மறைக்கவில்லை), 2003-லிருந்து பேட்ரிக் புருன்ஷ்விக் பராமரித்தார். 2014-ல் வந்த 1.7 வரிசையில் ஒரு பக்: மெயில் எழுதுகிறீர்கள், 'என்கிரிப்ட்' என்று டிக் போட்டிருக்கிறீர்கள், பெறுபவர்கள் எல்லாரையும் பிசிசி-யில் மட்டும் போட்டிருக்கிறீர்கள். அனுப்பு என்று அழுத்தினால் மெயில் அப்படியே வெறும் எழுத்தாகப் போய்விடும். எச்சரிக்கை கிடையாது, ஒன்றும் கிடையாது. 1.7.2-ல் சரிசெய்தார்கள். இதில் எந்தக் கணக்கு தப்பு? ஒன்றுமில்லை. யார் யாருக்கு என்கிரிப்ட் செய்வது என்று பார்க்கும் இடத்தில் ஒரு சூழ்நிலையை யோசிக்க விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பிசிசி-யில் மட்டும் ஆட்களைப் போட்டு அனுப்புகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெறுபவர்கள் ஒருவரை ஒருவர் அறியக்கூடாது என்று நினைப்பவர். அதாவது ரகசியம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறவர்தான் மாட்டுவார்.

சரி, இந்த மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம், இது புரியாமல் எந்த பக்-ஐயும் தொட முடியாது. க்னூபிஜி ஒரு தனி நிரல், கட்டளை வரியில் ஓடுவது. ஜெர்மனிக்காரர் வெர்னர் கோக் 1997 கடைசியில் முதல் பதிப்பை வெளியிட்டார், 1999-ல் 1.0 வந்தது. மெயில் நிரல் இதைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை, பக்கத்தில் தனியாக ஓட விட்டு, ஒரு குழாய் வழியாக மறைந்த மெயிலைக் கொடுத்து, இன்னொரு குழாய் வழியாகத் திறந்த மெயிலை வாங்கிக்கொள்ளும். கையெழுத்து (அனுப்பியவர் இன்னார்தான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) சரியா, அதைப் போட்ட சாவி யாருடையது போன்ற செய்திகள் மூன்றாவதாக ஒரு குழாயில், வரி வரியாக, வெறும் எழுத்தாக வரும். மெயில் நிரல் அந்த வரிகளைப் படித்துத்தான் பச்சை நிறப் பட்டையையோ சிவப்புப் பட்டையையோ காட்டுகிறது.

'வெறும் எழுத்தாக' என்றேன் அல்லவா, 2018 ஜூனில் மார்கஸ் பிரிங்க்மன் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தாக்குதலுக்கு சிக்ஸ்பூஃப் என்று பெயர். ஓப்பன்பிஜிபி (க்னூபிஜி பின்பற்றும் பொதுத் தரநிலை) செய்திக்குள் 'மூலக் கோப்பின் பெயர்' என்று ஒரு புலம் உண்டு, அனுப்புபவர் என்ன வேண்டுமானாலும் அதில் எழுதலாம். க்னூபிஜி-யின் அமைப்புக் கோப்பில் 'விவரமாகச் சொல்' என்ற விருப்பத்தைப் போட்டிருந்தால், மெயிலைத் திறக்கும்போது அந்தப் பெயரைத் தன் பதிவில் அச்சிடும். பல மெயில் நிரல்கள் பதிவு வரும் குழாயையும் நிலைச் செய்தி வரும் குழாயையும் ஒன்றாக்கி வைத்திருந்தன. அப்புறம் என்ன, கோப்புப் பெயருக்குள் ஒரு வரிமுறிவை வைத்து, அடுத்த வரியில் 'கையெழுத்து சரி, இன்னாருடையது' என்று க்னூபிஜி சொல்வதைப்போலவே எழுதிவிட்டால், மெயில் நிரல் அதை நம்பிப் பச்சைப் பட்டை போட்டுவிடும். கையெழுத்தே இல்லாத மெயிலுக்கு! க்னூபிஜி 2.2.8-ல் கோப்புப் பெயரிலுள்ள கட்டுப்பாட்டு எழுத்துகளைச் சுத்தம் செய்துதான் அச்சிட வேண்டும் என்று மாற்றினார்கள், எனிக்மெயில் 2.0.7-லும் அதன் பக்கத்துக் கதவை அடைத்தார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பகா எண் தெரிய வேண்டாம், வெளியிலிருந்து வரும் எழுத்தை அப்படியே அச்சிடக்கூடாது என்ற சந்தேக புத்தி இருந்தால் போதும்.

அதே வருடம் மே மாதம் வந்த ஈஃபெயில் என்ற தாக்குதல் பற்றித் தெரியாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் எல்லாக் கோளாறும் அந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் மியூன்ஸ்டர், போஹும், பெல்ஜியத்தின் லூவன் ஆகிய ஊர்களின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை 2018 மே 14 அன்று வெளியிட்டார்கள். இரண்டு வகைத் தாக்குதல். முதலாவது கேட்டால் சிரிப்பு வரும். உங்கள் பழைய மறையாக்கிய மெயில் ஒன்று தாக்குபவர் கையில் இருக்கிறது, அவரால் திறக்க முடியாது. அவர் மூன்று பகுதி உள்ள ஒரு புது மெயிலைத் தயார் செய்கிறார். முதல் பகுதியில் எச்டிஎம்எல் படக் குறி, அதன் முகவரியைத் தொடங்கும் மேற்கோள் குறி மட்டும் இருக்கும், மூடும் குறி இருக்காது. இரண்டாவது பகுதியில் உங்கள் பழைய மறைந்த மெயில். மூன்றாவது பகுதியில் மூடும் மேற்கோள் குறி. இதை உங்களுக்கே அனுப்பினால், உங்கள் மெயில் நிரல் நடுப்பகுதியைக் கடமையாகத் திறந்து, மூன்றையும் ஒட்டி ஒரே பக்கமாக ஆக்கி, 'ஓ, படம் ஒன்று இறக்க வேண்டும்போல' என்று தாக்குபவரின் சர்வருக்குப் போகும். போகும்போது படத்தின் முகவரியாக உங்கள் ரகசிய மெயில் முழுவதையும் தூக்கிக்கொண்டு போகும். ஆப்பிள் மெயிலும் தண்டர்பேர்டும் இதில் மாட்டின. மெயிலின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிப் பெட்டியாகக் கையாள வேண்டும் என்பதுதான் இதற்கு மருந்து. எழுதச் சுலபம், பல வருடம் பழகிய மெயில் நிரலின் வயிற்றுக்குள் கைவிட்டுச் செய்வது பெரும்பாடு.

இரண்டாவது வகை இன்னும் நுட்பம். மறைந்த எழுத்தை யாராவது நடுவழியில் மாற்றினால் தெரிய வேண்டும் என்பதற்காக ஓப்பன்பிஜிபி-யில் எம்டிசி என்று ஒரு சோதனை உண்டு, செய்தியின் கடைசியில் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சுருக்க எண்) ஒட்டியிருக்கும். பழைய செய்திகளில் இது கிடையாது. மறைந்த எழுத்தைச் சுமக்கும் பாக்கெட்டின் வகை எண் 18 என்றால் சோதனை உள்ளது, 9 என்றால் இல்லாதது. தாக்குபவர் 18-ஐ 9 ஆக்கிவிட்டு, உள்ளே தனக்கு வேண்டியதைச் செருகினால்? க்னூபிஜி-யின் நடத்தை அப்போது எப்படி இருந்தது என்றால், புதிய மறையாக்க முறைகளில் சோதனை இல்லாவிட்டால் தோல்வி என்று சொல்லும், பழைய முறைகளில் எச்சரிக்கை மட்டும் காட்டும், எப்படிச் சொன்னாலும் அதற்குள் திறந்த எழுத்தைக் குழாயில் ஊற்றி முடித்திருக்கும். ஹாஷ் கடைசியில் அல்லவா வருகிறது, அதுவரை பல ஜிபி கோப்பை நினைவகத்தில் பிடித்து வைத்திருக்க முடியாதே. யூனிக்ஸ் குழாய்க்காக எழுதப்பட்ட நிரலுக்கு அது நியாயம்தான். ஆனால் அந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாத மெயில் நிரல், ஊற்றிய எழுத்தை வாங்கித் திரையில் காட்டிவிட்டது.

அப்புறம் நடந்த சண்டை இருக்கிறதே. க்னூபிஜி தரப்பு 'நாங்கள் எச்சரித்தோம், மெயில் நிரல்காரர்கள் கேட்கவில்லை' என்றது, மறுபக்கம் 'தப்பான எழுத்தை நீங்கள் ஏன் கொடுத்தீர்கள்' என்றது. இரண்டிலும் உண்மை இருந்தாலும் நான் இரண்டாவது கட்சி. எச்சரிக்கை என்பது மனிதனுக்குச் சொல்வது, நிரலுக்கு நிரல் எச்சரிக்கை சொன்னால் அது வெறும் ஒரு வரி, அதைப் படிக்காத ஒருத்தர் எங்காவது இருந்தே தீருவார். 2.2.8-லிருந்து சோதனை இல்லாத செய்தி எந்த முறையானாலும் தோல்விதான் என்று ஆக்கினார்கள் (பழைய மெயில் வைத்திருப்பவர்களுக்காக அதைத் தாண்டிப்போக ஒரு விருப்பமும் கொடுத்தார்கள், நிறையப் பேர் திட்டியபடிதான் பயன்படுத்தினார்கள்). 2007-ல் வந்த ஓப்பன்பிஜிபி தரநிலைக்கு மாற்றாக 2024-ல் வந்த ஆர்எஃப்சி 9580 என்ற புதுத் தரநிலை, செய்தியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் சோதித்தபின் வெளியே விடும் முறையைத் தருகிறது. அதற்குள் அந்த உலகமே இரண்டாகப் பிரிந்து, க்னூபிஜி தரப்பு லிப்ரேபிஜிபி என்று தனி வழியில் போய்விட்டது. அந்தச் சண்டைக்குள் உங்களை இழுக்க மாட்டேன், ஆனால் ஒரு செய்தி ஒரு நிரலில் திறந்து இன்னொன்றில் திறக்காவிட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கணக்குப் பக்கம் பக் வரவே வராதா என்றால், வரும், வந்தால் பயங்கரமாக வரும். 2016-ல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழகத்தின் ஃபெலிக்ஸ் டோரே, விளாடிமிர் கிளெபனோவ் இருவரும், க்னூபிஜி-க்குள் இருக்கும் எழுந்தமான (யாரும் யூகிக்க முடியாத) எண் உருவாக்கியில் 580 பைட் கையில் கிடைத்தால் அடுத்த 20 பைட்டைக் கணித்துவிடலாம் என்று காட்டினார்கள். அந்த பக் 1998-லிருந்து இருந்தது. பதினெட்டு வருடம்! மூலநிரல் எல்லார் கண்ணுக்கும் திறந்திருந்தது, பார்த்தவர்கள்தான் குறைவு. பார்க்க யார் இருந்தார்கள்? 2015 பிப்ரவரியில் புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒரு கட்டுரை போட்டபோதுதான், உலகமே நம்பியிருந்த இந்த நிரலை வெர்னர் கோக் பெரும்பாலும் தனி ஆளாக, கையில் காசில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தது. உடனே நன்கொடை குவிந்தது, ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆளுக்கு வருடம் 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். கட்டுரை வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் யோசிப்பேன்.

இப்போது நிலைமை கொஞ்சம் வேறு. 2020-ல் வந்த தண்டர்பேர்ட் 78 பழைய வகை ஆட்-ஆன்களை ஏற்பதில்லை என்றாகி, எனிக்மெயிலின் வேலை தண்டர்பேர்டுக்குள்ளேயே வந்துவிட்டது. உரிமச் சிக்கல் காரணமாக க்னூபிஜி-யைச் சேர்க்காமல் ஆர்என்பி என்ற நூலகத்தைச் சேர்த்தார்கள். குழாய் போனது, ஆகவே குழாய் பக்-களும் போயின, புது வகை வந்தது. 78.8.1 முதல் 78.10.1 வரையிலான பதிப்புகளில் இறக்குமதி செய்த ரகசியச் சாவிகள், மாஸ்டர் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும், வட்டில் பாதுகாப்பில்லாமல் சேமிக்கப்பட்டன. 78.10.2-ல் சரியானது, ஏற்கனவே அப்படிக் கிடந்த சாவிகளையும் அந்தப் பதிப்பே பூட்டிவிட்டது. வெளியே எதுவும் உடையாததால் இது யார் கண்ணிலும் படாமல் இருந்தது. மெயில் திறக்கிறது, கையெழுத்து சரியாக இருக்கிறது, எல்லாம் நலம். இதைப் பிடிக்க ஒரே வழி, சாவிக் கோப்பை வட்டிலிருந்து நேரே படித்து 'இது பூட்டியிருக்கிறதா' என்று கேட்கும் சோதனை எழுதுவது. அப்படிச் சோதனை எழுதும் ஆட்கள்தான் வேண்டும்.

என் கதை ஒன்று, இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். சில வருடம் முன் ஒரு சின்ன ஆட்-ஆனில் (பெயர் வேண்டாம்) தமிழில் நீளமாக எழுதிய மெயிலைத் திறந்தால் நடுவில் எங்காவது ஒன்றிரண்டு எழுத்து கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறியாக மாறியிருக்கும், மேலே மட்டும் 'கையெழுத்து சரி' என்று பச்சையாகச் சிரிக்கும். சின்ன மெயிலில் வராது. ஆங்கில மெயிலில் வரவே வராது, அதனால் அந்தக் குழுவில் யாரும் நம்பவில்லை. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டபின் புரிந்தது: குழாயிலிருந்து 4096 பைட்டாக வாங்கி, வாங்கிய ஒவ்வொரு வாளியையும் தனித்தனியாக எழுத்தாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். யூடிஎஃப்-8-ல் (எழுத்தை பைட்டுகளாக வைக்கும் முறை) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். வாளியின் விளிம்பில் ஒரு எழுத்து பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று மாட்டினால் இரண்டு பாதியும் குப்பை. கையெழுத்தை க்னூபிஜி பைட்டுகளில் சோதிப்பதால் அதற்கு எல்லாம் சரி. திருத்தம் மூன்று வரி, மிச்சமானதை அடுத்த வாளிக்கு எடுத்துவைக்கும் மாற்றியைப் பயன்படுத்துவது. ஆனால் அதோடு 40 கேபி தமிழ் உரை ஒன்றையும் சோதனைக் கோப்பாகச் சேர்த்தேன். திருத்தத்தைவிட அதுதான் முக்கியம், இல்லாவிட்டால் யாராவது மூலநிரலைச் 'சுத்தம்' செய்யும்போது பக் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தமிழால் வெளியே தெரியும் பக் இது ஒன்று மட்டும் இல்லை. மெயிலில் ஒரு வரி 998 பைட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி அவ்வளவு போவது அபூர்வம், தமிழில் சுமார் 330 குறியீட்டிலேயே தொட்டுவிடும். மெயிலின் உடம்புக்குள்ளேயே கையெழுத்தைப் போடும் பழைய பாணியில் அனுப்பினால், வழியில் ஏதாவது சர்வர் வரியை வெட்டும், கையெழுத்து உடையும். இன்னொன்று: 'கொ' என்ற எழுத்தை க-வும் ஒற்றைக் குறியுமாகவும் வைக்கலாம், க-வும் கொம்பும் காலுமாகவும் வைக்கலாம். திரையில் ஒரே எழுத்து, பைட்டுகள் வேறு. நடுவில் எந்த நிரலாவது நல்லது செய்கிறேன் என்று ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் கையெழுத்து 'தவறு' என்று வரும், இரண்டு மெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பாதி ராத்திரிவரை உட்கார்ந்திருப்பீர்கள். ஹெக்ஸ் டம்ப் (ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் பட்டியல்) எடுத்துப் பாருங்கள், அது ஒன்றுதான் வழி.

எங்கே ஆரம்பிப்பது? திறந்து கிடக்கும் பக் பட்டியலில் 'மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியவில்லை' என்று கிடப்பவற்றை எடுங்கள். யாரும் தொட விரும்பாத குப்பை மாதிரி இருக்கும், ஆனால் நிரலின் உள்ளே எல்லா அறைக்கும் அதுதான் கூட்டிப்போகும். சொந்தச் சாவியை வைத்து ஒருபோதும் சோதிக்காதீர்கள். க்னூபிஜி தன் கோப்புகளை எங்கே தேட வேண்டும் என்பதை ஒரு சூழல் மாறியால் மாற்றலாம், தற்காலிக அடைவு ஒன்றைக் காட்டி அதில் உப்புச்சப்பில்லாத சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். அடைவின் பாதை நீளமாக இருந்தால் பின்னணியில் ஓடும் ஏஜென்ட் நிரல் எழும்பாமல் அடம்பிடிக்கலாம், லினக்ஸில் சாக்கெட் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் கோப்பு) பாதைக்கு 108 பைட்தான் இடம், கன்டெய்னருக்குள் சோதனை ஓட்டும்போது இதில் மாட்டாதவர் குறைவு. சோதனைச் சாவிக்குக் காலாவதித் தேதி வைத்தால் என்றாவது ஒரு நாள் காலையில் எல்லாச் சோதனையும் ஒன்றாகச் சிவப்பாகும், யாரும் எதையும் மாற்றாமலேயே. அதற்குத் தேதியைப் பொய்யாகக் காட்டும் விருப்பம் ஒன்று க்னூபிஜி-யில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

பக் அறிக்கையோடு பதிவுக் கோப்பை இணைக்கும் முன் ஒரு முறை முழுக்கப் படியுங்கள். திறந்த மெயில், பாஸ்பிரேஸ் (சாவியைத் திறக்கும் கடவுச்சொல்), ஏன் ரகசியச் சாவியையே ஒட்டி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், பொதுவில் வந்தபின் அழித்துப் பயனில்லை, அந்தச் சாவியை ரத்து செய்ய வேண்டியதுதான். நீங்கள் கண்டது பாதுகாப்பு ஓட்டை என்று தோன்றினால் பொதுப் பட்டியலில் போடாமல், அந்தத் திட்டம் அதற்கென்று அறிவித்திருக்கும் முகவரிக்கு, அவர்கள் பொதுச்சாவியால் என்கிரிப்ட் செய்து அனுப்புங்கள். அனுப்பும் முன் அது உண்மையிலேயே என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா என்று 'அனுப்பியவை' கோப்புறையில் மூலத்தைத் திறந்து பார்க்க, முதலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளுங்கள். பிசிசி-யில் வேண்டாம்.